ஆட்டுக்கு யாரு பாஸ் சொல்றது, ‘காலை ஊன்றாதே’ன்னு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. கறிக்கடை வாசலில் செம கூட்டம். உங்களுக்கு முன்னால் நிற்பவர், “அரை கிலோ தொடைக்கறி, கொஞ்சம் ஈரல்” என்கிறார். அடுத்தவர், “தலை ஒண்ணு, கால் ஒரு செட்” என்கிறார். உங்கள் முறை வருகிறது. “பாய்... பின்னங்கால் முட்டி நாலு வேணும். நடுவுல வெட்டக் கூடாது. மேல ஒரு சாண், கீழ ஒரு சாண் எலும்போட முழுசா வேணும். மூட்டுக்குள்ள கத்தியே படக் கூடாது” என்று கேட்டுப் பாருங்கள். மொத்தக் கூட்டமும் திரும்பி ஒரு லுக்கு விடும் பாருங்க... எனக்கு அந்த லுக்கு ஏழு வாரம் தொடர்ந்து கிடைச்சது!

“சூப்புக்கா தம்பி?”

“இல்ல பாய், ஆராய்ச்சிக்கு.”

“முட்டியில என்னப்பா ஆராய்ச்சி?”

“அதுக்குள்ள ஒரு சின்ன வில்லையை வைக்கணும் பாய். ஆடு நடந்தாலும் அது கழலக் கூடாது.”

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “ஆடுதான் செத்துப் போச்சே தம்பி... இனிமே அது எங்க நடக்கப் போவுது?”

கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால், அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் என் லீவு முழுக்கப் போச்சு. வாங்க, சொல்றேன்.

போல்ட் இல்லாத வாஷர்!

எனக்கு ஊர் வலங்கைமான். கும்பகோணத்துக்குப் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரை. பங்குனி மாசம் பாடைக்காவடி பார்க்க வந்திருப்பீங்க, இல்லேன்னா தீபாவளிக்கு வெடி வாங்க வந்திருப்பீங்க. படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், மூன்றாம் வருஷம். லீவுக்கு ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கார் கம்பெனி, பைக் கம்பெனி என்று இன்டர்ன்ஷிப் போனார்கள். நான் லேட்டா அப்ளை பண்ணி (உண்மையைச் சொல்லிடுறேன்!), மிச்சமிருந்த ஒரே இடமான திசுப் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் போய் விழுந்தேன்.

‘மெக்கானிக்கல் பையனுக்கு இங்கே என்ன வேலை?’ என்று முழித்துக்கொண்டு நின்றவனை, பிஎச்.டி. பண்ணும் அக்கா ஒருவர் உள்ளே அழைத்துப் போனார். ஓர் ஆட்டு முட்டியைத் திறந்து காட்டினார். “இந்த இடத்துல ஒரு வாஷர் வைக்கணும். போல்ட் கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, வெல்டிங் கிடையாது. எப்பவும் ஈரமா இருக்கும். நாள் முழுக்க உரசும். ஆனா கழலக் கூடாது. பண்ணு பார்ப்போம்!”

அட, இது நம்ம சப்ஜெக்ட்டாச்சே!

இன்னொரு விஷயமும் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஆட்டோட பின்னங்கால் நடுவில் பின்பக்கமாக மடங்குதே, அதை இருபது வருஷமா முட்டின்னுதான் நினைச்சிட்டிருந்தேன். அது முட்டி இல்லை பாஸ், கணுக்கால்! நிஜ முட்டி மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்குள் ஒளிஞ்சிருக்கு. அது நம்ம முட்டி மாதிரியே முன்பக்கம் பார்த்துதான் இருக்கு.

பஞ்சர் ஆனால் ஒட்டாத டயர்

நல்லி எலும்பைக் கடிக்கும்போது முனையில் வெள்ளையாக, வழவழவென்று, பல்லுக்குப் பிடி கொடுக்காமல் நழுவுமே... அதுதான் குருத்தெலும்பு. நம்ம முட்டிக்குள்ளும் எலும்பு முனைகளைப் போர்த்தியிருப்பது அதுதான். இரண்டு குருத்தெலும்புகள் மூட்டுத் திரவத்தில் நனைந்து உரசும்போது உண்டாகும் உராய்வு, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி உரசுவதைவிடக் குறைவு. எங்க லேப் பேரிங் எல்லாம் மாசாமாசம் கிரீஸ் கேட்கும். இது அறுபது, எழுபது வருஷம் சர்வீஸுக்கு விடாமலே ஓடும்.

ஆனா, ஒரு பெரிய மைனஸ். இதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வராத இடத்துக்கு ரிப்பேர் சாமானும் வராது. கையில் கீறல் விழுந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். முட்டிக் குருத்தெலும்பில் பட்டாணி அளவுக்குப் பெயர்ந்தால், அது தானாகப் பழையபடி வளராது. லண்டனில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். எங்க தெரு கபடி டீம் அண்ணன் ஒருத்தர் முட்டியில் அடிபட்ட பிறகும், ‘சரியாயிடும்டா... சரியாயிடும்டா’ என்றே ரெண்டு சீசன் ஆடினார். இப்போ சைக்கிள் மிதிக்கவே யோசிக்கிறார். வயசு இருபத்தாறு.

இந்தப் பள்ளத்தை அடைக்கத்தான் ‘ஸ்கஃபோல்டு’. அதுக்குத் தமிழில் அருமையான வார்த்தை இருக்கு... சாரம்! வீடு கட்டும்போது சவுக்குக் கம்புகளை நட்டு, கயிறு கட்டி, கொத்தனார் ஏறி நிற்பாரே, அதே சாரம்தான். கொலாஜன் மாதிரியான பொருளில் பஞ்சுபோல் ஒரு வில்லை செய்கிறார்கள். அதன் ஓட்டைகளுக்குள் செல்கள் குடியேறி, புதுத் திசுவை எழுப்ப வேண்டும். வீடு முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பது மாதிரி, வேலை முடிந்ததும் வில்லை கரைந்துபோக வேண்டும். இதுக்காக நாம அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிரிப் பொருள்களுக்கும் தனி மையமே இருக்கு. நானோ இழைகளில் திசுச் சாரம் தயாரிப்பது அங்கே நடக்கிற வேலைகளில் ஒன்று.

சரி, சாரம் ரெடி. அதைக் கட்டி நிறுத்துவது எப்படி? கம்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கயிறு அவிழ்ந்தால் கொத்தனார் கீழே!

நாற்றுக்கும் முட்டிக்கும் ஒரே சட்டம்

எட்டாவது படிக்கும்போது ஒரு குறுவை சமயம், ‘நானும் நடுறேன்’னு வயலில் இறங்கினேன். பத்துப் பதினைந்து முடி நாற்றை ஸ்டைலா நட்டுட்டு வந்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், என் நாற்று மட்டும் வரப்போரம் மிதந்துகிட்டிருந்தது! தண்ணீரைச் சரியாக வடிக்கலை, மேலாக்க நட்டுட்டேன். பக்கத்தில் அப்பாயி நட்டது அப்படியே நின்னுது. ரெண்டும் ஒரே நாற்றங்காலில் பறிச்ச நாற்றுதான். நாற்றில் கோளாறு இல்லை, நட்டவன்கிட்டதான் கோளாறு.

நட்ட நாற்று வேர் பிடித்துப் பச்சை திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அது வெறும் சேற்றின் பிடியில்தான் நிற்கிறது. முட்டிக்குள் வைக்கும் சாரமும் அப்படித்தான். சுற்றியிருக்கும் திசு அதைப் பிடித்துக்கொள்ளப் பல வாரங்கள் ஆகும். அதுவரைக்கும் வெளியிலிருந்து ஏதாவது ஒன்று தாங்க வேண்டும்.

மனுஷனுக்கு இது பெரிய பிரச்னை இல்லை. “ஆறு, எட்டு வாரம் அந்தக் காலில் முழு எடையைப் போடாதீங்க. ஊன்றுகோல் வச்சுக்கோங்க” என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வோம் (பாதிப் பேராவது!). ஆனால், மனுஷனுக்கு வைக்கும் முன் பெரிய விலங்கில் வைத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் வெள்ளாடு, செம்மறி, பன்றி, குதிரை. எலி, முயலில் மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. முயலின் முட்டிக் குருத்தெலும்பு 0.3 மில்லிமீட்டர்தான். செம்மறிக்கு அரை மில்லிமீட்டர் அளவு, வெள்ளாட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம், குதிரைக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நமக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். விலை, உடம்பு எடை, பராமரிப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பல இடங்களில் சான்ஸ் வெள்ளாட்டுக்கு அடிக்கிறது.

அந்த வெள்ளாடு இருக்கே... மயக்கம் தெளிந்ததும் செய்கிற முதல் வேலை எழுந்து நிற்பது! ஒருமுறை விலங்குக் கூடத்துக்கு அக்காவோடு போயிருந்தேன். முந்தின நாள் ஆபரேஷன் ஆன ஆடு, அகத்திக் கீரையை இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. லேசாக ஒரு காலைத் தாங்கியது, அவ்வளவுதான். “ஆறு வாரம் காலை ஊன்றாதேன்னு இதுக்கு யாருப்பா சொல்றது?” என்றார் அக்கா. ஆடு என்னைப் பார்த்து அசை போட்டது.

‘காலுக்கு மாவுக்கட்டு போட்டால்?’ என்று நானும் கேட்டேன். அசையாத மூட்டில் நல்ல குருத்தெலும்பே மெலிய ஆரம்பித்துவிடுமாம். ஆடும் மிரண்டு போகும். ஆக, ஆட்டு முட்டியில் வைக்கும் சாரம் முதல் மணி நேரத்திலிருந்தே தாங்கியாக வேண்டும். மனுஷனைவிடக் கஷ்டமான எக்ஸாம் இது.

தைத்தார்கள்... ஒட்டினார்கள்... அடித்தார்கள்!

1987-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு புது ஆபரேஷன் நடந்தது. நோயாளியின் குருத்தெலும்பிலிருந்தே துளி எடுத்து, செல்களைப் பிரித்து, லேபில் பெருக்கி, திரும்பப் பள்ளத்துக்குள் விட்டார்கள். மட்ஸ் பிரிட்பெர்க், லார்ஸ் பீட்டர்சன் குழுவினர் 23 நோயாளிகளின் விவரத்தை 1994-ல் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நம்ம நாட்டில் இந்த வகை சிகிச்சைக்கு 2017-ல் அனுமதி கிடைத்தது. ஆனால், செல் கலந்த திரவம் தண்ணீர் மாதிரி. விட்டால் வழிந்துவிடும். அதனால் எலும்பைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை ஒரு மூடிபோல் வெட்டி வைத்து, முடி போன்ற நூலால் சுற்றிலும் தைத்தார்கள்.

ஆடு இதற்கு என்ன சொன்னது? ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எர்ன்ஸ்ட் ஹன்ஸிக்கர் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டு முட்டியில் தைத்த மூடிகள் பெருமளவில் உரிந்து வந்திருந்தன. மூடியே போனால், உள்ளே விட்டது மட்டும் எங்கே நிற்கும்? 2008-ல் அதே ஹன்ஸிக்கர் இன்னொரு குண்டைப் போட்டார். ஆட்டின் நல்ல குருத்தெலும்பில் வெறும் தையல் மட்டும் போட்டுப் பார்த்தால், ஊசி போன ஓட்டையைச் சுற்றியே மூட்டுத் தேய்மானம் மாதிரியான மாற்றங்கள்! கிழிசலைத் தைக்கப் போய் நல்ல துணியைக் கிழித்த கதை.

சரி, பசை? ஃபைப்ரின் பசை என்று ஒன்று இருக்கிறது. ரத்தம் உறையும் அதே டெக்னிக். இரண்டு ஊசிக்குழல். ஒன்றில் ஃபைப்ரினோஜென், இன்னொன்றில் த்ராம்பின். அரால்டைட் மாதிரி இரண்டும் கலந்தால்தான் பிடிக்கும். வியன்னாவில் வெறும் இந்தப் பசையால் மட்டும் சாரத்தை ஒட்டி, ஐந்து வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து வெளியிட்டார்கள். 16 பேரில் 14 பேருக்கு முழுசாக நின்றிருந்தது. ஆனா, அவங்க எல்லாம் டாக்டர் பேச்சைக் கேட்கிற மனுஷங்க!

கரையும் பிளாஸ்டிக்கில் ஆணி செய்து எலும்பில் அடிப்பது இன்னொரு வழி. பிடிப்பு சூப்பர். ஆனால், எலும்பில் ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டையைச் சுற்றி எலும்பு அரிந்து, குழி விழலாம். மான்ட்ரியால் ஆய்வாளர்கள் வேறு ரூட் எடுத்தார்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை ரத்தத்தோடு கலந்து, திரவமாகவே பள்ளத்தில் ஊற்றி, உள்ளேயே உறைய வைத்தார்கள். 2005-ல் அவர்கள் வெளியிட்ட சோதனை செம்மறியில். கைட்டோசானுக்கு நேர்மின் தன்மை, திசுவுக்கு எதிர்மின் தன்மை. அதனால் தானே ஒட்டிக்கொள்கிறது. நாகப்பட்டினம் பக்கம் குப்பையில் கொட்டுகிற இறால் ஓட்டுக்கு வந்த வாழ்வைப் பாருங்க!

ஆக, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு விலை இருக்கு. தையல் நல்ல இடத்தைக் குத்துது. ஆணி எலும்பைக் குடையுது. பசை சுத்தமா இருக்கு, ஆனா பிடி குறைவு.

என் வைப்பர் மோட்டார்

என் பங்குக்கு ஒரு மெஷின் செய்தேன். காயலான் கடையில் ஒரு பழைய கார் வைப்பர் மோட்டார். (நம்ம ஊர் மெக்கானிக்கல் ப்ராஜெக்ட்டில் வைப்பர் மோட்டார் இல்லாத ப்ராஜெக்ட் உண்டா, சொல்லுங்க!) அதில் ஒரு கிராங்க். தொடை எலும்பு கிளாம்ப்பில். கீழ் எலும்பை மோட்டார் மடக்கி நீட்டும். மேலே சலைன் பாட்டில் சொட்டுச் சொட்டாய் நனைக்கும். பாயிடம் வாங்கிய முட்டியில் 6 மில்லிமீட்டர் வட்டத்தில் குருத்தெலும்பை எடுத்துவிட்டு, வில்லையை வைத்து, சுவிட்ச் போட வேண்டியது. நிஜ சாரம் காஸ்ட்லி என்பதால், பல் டாக்டர்கள் ரத்தம் நிறுத்த வைக்கும் ஜெலாட்டின் பஞ்சு. காலாவதியான ஒரு செட் ஃபைப்ரின் பசை.

முதல் முட்டி: பசையைத் தாராளமாக விட்டு ஒட்டினேன். ஐம்பது மடக்குகூடத் தாங்கலை. வில்லை ஓரமாகச் சுருண்டு கிடந்தது. இரண்டாவதும் அதே கதை. மூன்றாவதில் நூலைப் போட்டுத் தைத்தேன். இட்லியை நூலால் அறுப்பார்களே, அந்த மாதிரி நூல் பஞ்சை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது.

‘பசை சரியில்லை’ என்றேன் அக்காவிடம். அவர் பதில் சொல்லாமல் அடுத்த வில்லையின் பக்கவாட்டில் ஸ்கேலை வைத்துக் காட்டினார். வில்லை பக்கத்துக் குருத்தெலும்பைவிடத் துளி மேலே துருத்திக்கொண்டிருந்தது. அரை மில்லிமீட்டர் இருக்கும். “ரோட்டுல தார் மேல ஒரு கல்லு துருத்திக்கிட்டு இருந்தா, எத்தனை பஸ்ஸுக்குத் தாங்கும்?”

சுருக்குனு உறைத்தது. இதை நான் நாலு செமஸ்டரா படிச்சிட்டிருக்கேன். துருத்தி நிற்கும் விளிம்பில்தான் மொத்த விசையும் விழும்! எதிர் எலும்பு ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பைத்தான் நெம்பியிருக்கு. பசையைக் குறை சொல்லிட்டிருந்தேன், தப்பு என் அளவில்!

அடுத்த முட்டிகளில் மூன்று விஷயம் மாற்றினேன். பள்ளத்தின் சுவரைச் சாய்வாக விடாமல் செங்குத்தாகச் செதுக்கினேன். அடியை நன்றாக ஒற்றி, ஈரம் போன பிறகே பசை விட்டேன். வில்லையின் மட்டம் பக்கத்து மட்டத்தைவிட ஒரு இழை கீழேயே இருக்கும்படி வெட்டினேன். மேலே தண்ணி நிற்காமல் வடித்து, கொஞ்சம் ஆழமாக நட வேண்டும்... அப்பாயி வயலில் சொன்ன அதே பாடம்தான், எனக்குப் புரியத்தான் ஏழு வருஷம் ஆச்சு!

சுவிட்சைப் போட்டேன். நூறு... ஐந்நூறு... ஆயிரம்! நிற்குது! லேபையே ரெண்டாக்கிவிட்டேன். “அக்கா, ஒட்டிடுச்சு! இனி ஆடே வேணாம்!”

செத்த முட்டி சொல்லாத பதில்

அக்கா சிரித்தார். “உன் மோட்டார் ஒரே மாதிரிதான் மடக்குது. ஆடு தாவும், திரும்பும், படுக்கும், ரெண்டு காலில் நின்னு கிளையை எட்டும். உன் முட்டியில ரத்தம் கசியாது, வீக்கம் வராது. எல்லாத்துக்கும் மேல... ஒட்டிச்சான்னு உன் முட்டி சொல்லும். வேர் பிடிச்சதான்னு அது சொல்லுமா?”

கறிக்கடை பாய் முதல் வாரமே இதைத்தானே கேட்டார்! செத்த ஆடு எங்கே நடக்கப் போவுது?

பெரிய விலங்கு சொல்லும் பதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் நம் நாட்டுக்கென்று செயற்கை இதய வால்வு செய்தார்கள். மூன்று மாடல்கள் அடுத்தடுத்து தோற்றன. நாலாவது மாடல் செம்மறி ஆடுகளில் தேறிய பிறகுதான், 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்று ‘டி.டி.கே. சித்ரா வால்வு’ எத்தனையோ ஏழைகளின் நெஞ்சில் துடிக்கிறது. ‘மேஜையில் ஓ.கே.’ என்பதும் ‘உயிருக்குள் ஓ.கே.’ என்பதும் வேற வேற பாஸ்!

அப்போ என் வைப்பர் மோட்டார் வேஸ்ட்டா? இல்லை. அக்கா அதையும் சொன்னார். “வில்லை துருத்தினா கழலும்னு உயிரோட இருக்கிற ஆட்டுல கண்டுபிடிக்கிறதுக்கும், கறிக்கடை முட்டியில கண்டுபிடிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?”

“கடைசில ஆட்டை என்னடா பண்ணுவீங்க?”

இது அப்பாயி கேட்ட கேள்வி.

நாற்பது வருஷம் நடவு நட்ட முட்டி அப்பாயியோடது. திண்ணையிலிருந்து எழுந்திருக்க ரெண்டு கை வேணும். நான் முட்டி ஆராய்ச்சி பண்றேன்னு அம்மா சொல்லிட்டாங்க போல. ஒரு சாயங்காலம், “ஏண்டா தம்பி... முட்டிக்கு ஏதோ ஒட்டுறீங்களாமே. எனக்கும் ரெண்டு ஒட்டி வுடேன்” என்றது.

அங்கேதான் தொண்டையில் அடைச்சுது. ஏன்னா, இது அப்பாயிக்கு இல்லை. ரோட்டில் ஒரு பள்ளம்னா பேட்ச் ஒர்க் போடலாம். முழு ரோடும் பெயர்ந்துட்டா பேட்ச் ஒர்க் நிற்காது. இந்தச் சாரம் கபடி அண்ணன் மாதிரி, ஒரே இடத்தில் பெயர்ந்த இளவட்ட முட்டிக்கு. அப்பாயிக்கு மாத்திரை, பயிற்சி, முடியாத பட்சத்தில் செயற்கை மூட்டு... அவ்வளவுதான். ‘உன் பேரன் உன்னைக் குணமாக்கிடுவான்’னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லலை. ரோட்டுக் கதையையே சொன்னேன். “அதுஞ்சரிதான்... எல்லாம் தேஞ்சு போன கட்டை” என்று சிரித்துவிட்டு, கொல்லையில் கட்டியிருந்த அதோட வெள்ளாட்டைப் பார்த்தபடி கேட்டது.

“ஆமா... நீங்க ஒட்டுற அந்த ஆட்டை, கடைசில என்னடா பண்ணுவீங்க?”

சொன்னேன். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ கழிச்சு, வலி இல்லாமல் மயக்கி, உயிரை எடுத்து, முட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாங்க. அப்போதான் உள்ளே வளர்ந்தது நிஜக் குருத்தெலும்பா, வெறும் தழும்பா என்று தெரியும். அதை எம்.ஆர்.ஐ. மட்டும் வச்சு முழுசாச் சொல்லிட முடியாது.

எங்க ஊர் பாடைக்காவடி தெரியுமில்ல? சாகக் கிடந்து பிழைச்சவங்க, மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு, பச்சை மூங்கில் பாடையில் பிணம் மாதிரி படுப்பாங்க. சொந்தக்காரங்க தூக்கிக்கிட்டு கோயிலைச் சுத்துவாங்க. அப்புறம் எழுந்து, பூசிய திருநீறோட வீட்டுக்கு நடந்து வந்துடுவாங்க. சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன், அந்த எழுந்திருக்கிற நிமிஷத்துல அழாத ஆள் கிடையாது. ஆனா, இந்த ஆடு எழுந்து வராது. மனுஷன் எழுந்து நடக்கணும்னு அது படுக்குது.

அப்பாயி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “அப்ப அதோட உசுர வீணடிச்சுப்புடாதீங்கடா” என்றது. அவ்வளவுதான். கைத்தடியை எடுத்துக்கிட்டு ஆட்டுக்குத் தழை போடப் போயிடுச்சு.

எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை. யோசிச்சுப் பாருங்க... ஒரு புதுச் சாரத்தை ஆட்டுக்குள் வைக்கிறாங்க. மூணாவது நாளே கழன்று போகுது. யாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிச்சு திறந்து பார்த்தால், பள்ளம் பள்ளமாவே இருக்கு. ‘இந்தப் பொருள் வேலை செய்யலை’ன்னு எழுதிடுவாங்க. பொருள் நல்லதா கெட்டதான்னு சோதிக்கவே இல்லையே, அதுக்கு முன்னாடியே மிதந்து போச்சே! ஒரு நல்ல பொருளும் போச்சு, ஆட்டோட உயிரும் போச்சு. என்னோட நாற்று மாதிரி.

உயிர்களுக்காக வாதாடியவர்களில் நம்ம ஊர்க்காரர் ஒருவரை மறக்கக் கூடாது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல்! ராஜ்யசபாவில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், 1960-ல் வந்த விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. அந்தச் சட்டப்படி விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கத் தனிக் குழு இருக்கிறது. 1998-ல் அதற்கான விதிகள் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு உட்கார்ந்து, ‘எத்தனை ஆடு? ஏன் இத்தனை? குறைக்க முடியாதா? ஆடு இல்லாமலே பார்க்க முடியாதா?’ என்று குடைந்த பிறகே அனுமதி. ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு இங்கிலாந்து அறிஞர்கள் 1959-லேயே சொன்ன விஷயம்தான் இது: மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. புது மருந்துகளுக்கு விலங்கு அல்லாத சோதனை முறைகளையும் ஏற்கும்படி 2023-ல் நம் நாட்டு விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். மூட்டுக்கு அந்தக் காலம் இன்னும் வரலை. வரும்வரைக்கும் நம்ம கையில் இருப்பது, போகிற ஒவ்வொரு ஆடும் ஒரு பதிலையாவது சொல்லிவிட்டுப் போகும்படி பார்த்துக்கொள்வதுதான். அந்தப் பதில் சாரத்தின் தரத்தில் மட்டும் இல்லை, அதைக் கட்டுகிற கட்டிலும் இருக்கு.

இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் எழுதும்போது, ஆயிரம் மடக்கு தாங்கின முட்டி போட்டோவை மட்டும் போடலாம்னு ஆசை வந்துச்சு. ஜம்முனு இருக்கும், வைவாவில் கைதட்டு கிடைக்கும். ஆனா, ஐம்பதுக்குள் கழன்றதையும், இட்லி மாதிரி அறுந்ததையும், துருத்தினது என் தப்புங்கிறதையும் முதல் பக்கத்திலேயே எழுதினேன். அடுத்த லீவுக்கு அங்கே வரப்போகிற பையனோ பொண்ணோ, அதே தப்பைத் திரும்பப் பண்ணி இன்னும் நாலு முட்டியை வீணாக்க வேண்டாமில்லையா?

கடைசியா ஒண்ணு. நீங்க மெக்கானிக்கலோ, சிவிலோ, ஈ.சி.ஈ.யோ... ‘பயாலஜி லேபில் எனக்கென்ன வேலை?’னு நினைக்காதீங்க. அங்கே மைக்ரோஸ்கோப் பார்க்கிறவங்க நிறைய இருக்காங்க. விளிம்பில் விசை எங்கே விழும்னு பார்க்கிறவங்கதான் கம்மி. ஒரு தடவை எட்டிப் பாருங்க. வைப்பர் மோட்டாரை மறக்காம எடுத்துட்டுப் போங்க!

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனேன். நிஜமாவே கறி வாங்கத்தான். என்னைப் பார்த்ததும் பாய் கத்தியை நிறுத்திட்டுக் கேட்டார். “என்ன தம்பி, ஆளையே காணோம்? முட்டி ஒட்டிக்கிச்சா?”

“ஒட்டிக்கிச்சு பாய். இன்னும் வேர் பிடிக்கல.”

“பிடிக்கும், பிடிக்கும்” என்றார். “எலும்பு போடவா?”